ஆன்டிவைரஸ் வேலை செய்ய ஃபயர்வாலை அணைக்கச் சொல்கிறார்கள்: உள்வரும் இணைப்பை மட்டும் அனுமதிப்பது எப்படி?

மடத்துத்தெரு_கணக்கு | திங்கள், காலை 10.40

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பணியோடு கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. மொத்தம் 11 கணினிகள். அனைத்திலும் விண்டோஸும் ஒரே நிறுவனத்தின் ஆன்டிவைரஸும் உள்ளன. முன் அறைக் கணினியில் மட்டும் அந்த ஆன்டிவைரஸின் மேலாண்மைத் திரை இருக்கிறது. அங்கே உட்கார்ந்தபடியே மற்றப் பத்துக் கணினிகளுக்கும் ஸ்கேன் ஆணை அனுப்பலாம், எதில் என்ன சிக்கியது என்று பார்க்கலாம்.

சென்ற புதன்கிழமை பழைய மோடம் பழுதானதால் புதியதை மாட்டினார்கள். அன்றிலிருந்து நான்கு கணினிகள் மேலாண்மைத் திரையில் சிவப்பாகவே நிற்கின்றன. அந்த நான்கிலும் இணையம் நன்றாக வருகிறது, வைரஸ் வரையறைகளும் அன்றாடம் புதுப்பிக்கப்படுகின்றன. ஆனால் நான் அனுப்பும் ஸ்கேன் ஆணை மட்டும் போய்ச் சேருவதில்லை. மென்பொருளை விற்றவர்களின் உதவி எண்ணில் கேட்டதற்கு, நான்கிலும் ஃபயர்வாலை (கணினிக்கு வந்துபோகும் இணைப்புகளை வடிகட்டும் காவல்) முழுவதுமாக அணைத்துவிடச் சொன்னார்கள். ஒரு கணினியில் அணைத்துப் பார்த்தேன், உடனே பச்சை வந்தது. ஆனாலும் மனம் ஒப்பாமல் மீண்டும் இயக்கிவிட்டேன்.

செப்டம்பர் 30க்குள் வரித் தணிக்கை அறிக்கைகளைத் தாக்கல் செய்ய வேண்டிய நேரம் இது. நெல் வியாபாரிகள், பாத்திரக் கடைக்காரர்கள், அரிசி ஆலை நடத்துவோர் எனப் பலருடைய பான், ஆதார், வங்கிக் கணக்கு விவரங்கள் இந்தக் கணினிகளில்தான் இருக்கின்றன. ஒரு காவலன் உள்ளே வருவதற்காக இன்னொரு காவலனை வீட்டுக்கு அனுப்புவது சரியாகப் படவில்லை. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

வெண்ணாறு_வலைப்பணி | திங்கள், காலை 11.15

அணைக்க வேண்டாம் ஐயா. நீங்கள் மீண்டும் இயக்கியது மிகச் சரி.

2003 ஆகஸ்டில் தஞ்சாவூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்டர் புழு வந்த மாதம் அது. வாடிக்கையாளர் எதையும் தரவிறக்கவில்லை, எந்த மின்னஞ்சலையும் திறக்கவில்லை. இணையத்தில் இணைந்திருந்தார், அவ்வளவுதான். திரையில் 60 நொடி எண்ணிக்கை தோன்றிக் கணினி தானாக மறுதொடக்கம் ஆகும். அந்தப் புழு 135ஆம் போர்ட் (கணினியில் எண்ணிட்ட இணைப்பு வாசல்) வழியாக வெளியிலிருந்து தானே உள்ளே நுழைந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் அப்போதே ஒரு ஃபயர்வால் இருந்தது. ஆனால் இயல்பாக இயங்காத நிலையில் இருந்தது. 2004இல் வந்த சர்வீஸ் பேக் 2 என்ற மேம்படுத்தல்தான் அதை எல்லாருக்கும் இயக்கிவிட்டது. அந்த நாட்களில் ஒவ்வொரு கணினியாகத் துடைத்துச் சரிசெய்தவன் என்பதால், "அணைத்துவிடுங்கள்" என்று தொலைபேசியில் யாராவது சொன்னால் இன்றும் எனக்குப் பொறுக்காது.

கல்லணைச்சாலை | திங்கள், பகல் 12.05

ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். அலுவலகக் கணினிகளின் உள் முகவரிகளைத் தன் வெளி முகவரியாக மாற்றும் வேலை மோடத்திலேயே நடப்பதால், வெளியிலிருந்து யாரும் 192.168 என்று தொடங்கும் அலுவலகக் கணினியை நேரடியாகத் தொட முடியாது. வெளிக்கதவு பூட்டியிருக்கும்போது ஒவ்வோர் அறைக்கும் தனிப் பூட்டு எதற்கு? உதவி எண்ணில் சொன்னவர் தவறாகச் சொன்னார் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை.

கடைமடை_நாகை | திங்கள், பிற்பகல் 3.30

கல்லணைச்சாலை ஐயாவின் வாதத்தில் பாதி உண்மை உண்டு. வெளியிலிருந்து நேரே வருவதை மோடம் பெரும்பாலும் தடுக்கும். ஆனால் ஆடிட்டர் அலுவலகத்துக்குத் தீங்கு வருகிற பாதை அது மட்டுமன்று. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவ், பயிற்சி மாணவர் வீட்டிலிருந்து எடுத்துவரும் மடிக்கணினி, வந்து காத்திருப்பவருக்குக் கொடுத்த வைஃபை கடவுச்சொல் ஆகிய எல்லாமே வெளிக்கதவைத் தாண்டி ஏற்கெனவே உள்ளே இருப்பவை. 2017 மே 12 அன்று வெளிப்பட்ட வான்னாக்ரை புழு ஒரு கணினிக்குள் புகுந்ததும் அதே வலையிலிருந்த மற்றக் கணினிகளுக்கு 445ஆம் போர்ட் வழியாகத்தான் தாவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தும், போடாமல் விட்ட கணினிகள் ஏராளம். ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறைக்குப் போகாமல் நிறுத்துவது அந்தந்தக் கணினியின் சொந்த ஃபயர்வால்தான்.

இனி கேட்ட கேள்விக்கு வருகிறேன். வரையறை புதுப்பிக்கப்படுகிறது, ஆனால் ஆணை போய்ச் சேரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்; நோய்க்குறி முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. விண்டோஸ் ஃபயர்வால் இயல்பாக வெளியே போகும் இணைப்புகளை அனுமதிக்கும், கேளாமல் உள்ளே வருவனவற்றைத் தடுக்கும். எங்கள் பக்கம் கடலோரத்தில் வடிகால் ஆறுகளின் வாயில் கடைமடை நீரொழுங்கி கட்டியிருப்பார்கள். வயலில் வடிந்த நீரைக் கடலுக்கு விடும், ஓதம் ஏறும்போது உப்புநீரை ஏற விடாது. ஃபயர்வாலும் அப்படித்தான், ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. உங்கள் கணினி தானே ஒன்றைக் கேட்டு வெளியே போனால், அதை நினைவில் வைத்துக்கொண்டு அதற்குரிய பதிலை மட்டும் உள்ளே விடும். வரையறைகளை உங்கள் கணினி தானே போய்க் கேட்கிறது, அதனால் பதில் வருகிறது. ஸ்கேன் ஆணையோ முன் அறைக் கணினி தானாகத் தொடங்கும் இணைப்பு. இந்தக் கணினி அதைக் கேட்கவில்லை. ஆகவே அதற்கு ஒரு விதி எழுதித்தான் ஆக வேண்டும்.

எல்லா ஆன்டிவைரஸுக்கும் இது தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஈசெட் மென்பொருளில் ஒவ்வொரு கணினியிலும் உள்ள ஏஜென்ட் (மேலாண்மைத் திரையோடு பேசும் சிறு நிரல்) தானே மேலாண்மைச் சர்வரின் 2222ஆம் போர்ட்டைத் தேடிப் போகும். எனவே உள்வழி திறக்க வேண்டிய இடம் அந்த ஒரு சர்வர் மட்டுமே. காஸ்பர்ஸ்கியில் ஏஜென்ட் சர்வரின் 13000க்குப் போவதோடு, சர்வர் தன்னை எழுப்பிக் கூப்பிடுவதற்காக யூடிபி (டிசிபி, யூடிபி இரண்டும் தரவு அனுப்பும் முறைகள்) 15000இல் தானும் காத்திருக்கும். உங்கள் மென்பொருளின் கையேட்டில் போர்ட் பட்டியல் கட்டாயம் இருக்கும். அதில் எந்தக் கணினி தொடங்குகிறது, எந்தக் கணினி காத்திருக்கிறது என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். காத்திருக்கும் பக்கத்தில் மட்டுமே விதி வேண்டும். இது புரியாமல் இரண்டு பக்கமும் இரண்டு திசையும் திறந்துவைப்பவர்களே அதிகம்.

மடத்துத்தெரு_கணக்கு | திங்கள், மாலை 6.50

மிக்க நன்றி ஐயா. கையேட்டைப் பார்த்தேன், ஒவ்வொரு கணினியிலும் ஏஜென்ட் ஒரு டிசிபி போர்ட்டில் காத்திருக்கிறது, முன் அறைக் கணினி அதைத் தொடர்பு கொள்கிறது என்று போட்டிருக்கிறது. எந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையோடு சிறுகோடு போட்டு ஏ, என், ஓ என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்து இயக்கினேன். அதே போர்ட் எதிரே "லிசனிங்" என்று காட்டியது. ஆகவே ஏஜென்ட் விழித்துத்தான் இருக்கிறது. இரண்டு கணினிகளில் "இன்பவுண்ட் ரூல்ஸ்" பகுதியில் அந்தப் போர்ட்டை அனுமதித்துப் புதிய விதி எழுதினேன். ஒன்றில் எதையும் மாற்றாமல் டொமைன், பிரைவேட், பப்ளிக் என்ற மூன்று நெட்வொர்க் சுயவிவரங்களுக்கும் விட்டேன், இன்னொன்றில் "பிரைவேட்" மட்டும் தேர்ந்தெடுத்தேன். இரண்டும் இன்னமும் சிவப்பு. முன் அறையிலிருந்து பிங் (ஒரு கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்தாலும் பதில் இல்லை.

வெண்ணாறு_வலைப்பணி | திங்கள், இரவு 8.20

பிங்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பிங் வேறு, டிசிபி போர்ட் வேறு. பிங்குக்குப் பதில் தராத கணினியில் போர்ட் திறந்திருக்கலாம்; பதில் தரும் கணினியில் போர்ட் மூடியிருக்கலாம். முன் அறைக் கணினியில் பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தைத் திறந்து, டெஸ்ட் நெட்கனெக்ஷன் கட்டளையில் அந்தக் கணினியின் ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுங்கள். கடைசி வரியில் "ட்ரூ" வந்தால் வழி இருக்கிறது, "ஃபால்ஸ்" வந்தால் இல்லை. இந்தச் சோதனை டிசிபிக்கு மட்டும்தான், யூடிபிக்குப் பயன்படாது.

இன்னொன்று. உங்கள் ஆன்டிவைரஸ் தன்னுடைய சொந்த ஃபயர்வாலையும் கொண்டுவந்திருக்கிறதா என்று விண்டோஸ் செக்யூரிட்டிப் பக்கத்தில் பாருங்கள். காவல் அதன் கையில் இருந்தால், விண்டோஸில் நீங்கள் எத்தனை விதி எழுதினாலும் அது கண்டுகொள்ளாது. உங்கள் அலுவலகத்தில் அப்படி இருக்காது என்று நினைக்கிறேன், ஏனெனில் விண்டோஸ் ஃபயர்வாலை அணைத்ததும் பச்சை வந்ததாக எழுதியிருக்கிறீர்கள்.

ஆழித்தேர்_ஆரூர் | செவ்வாய், காலை 7.10

திருவாரூரிலிருந்து எழுதுகிறேன். மோடம் மாற்றிய நாளிலிருந்து என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வலையின் வாயிலாக இருக்கும் மோடத்தை வைத்துத்தான் விண்டோஸ் ஒரு நெட்வொர்க்கை அடையாளம் காண்கிறது. மோடம் புதிது என்றால் விண்டோஸுக்கு அது ஊர் தெரியாத புது நெட்வொர்க். வைஃபை பெயரும் கேபிளும் பழையவையாக இருந்தாலும் கணக்கில் வராது. அப்போது, இந்த வலையில் உள்ள மற்றக் கணினிகள் உங்கள் கணினியைக் காண அனுமதிக்கலாமா என்று பல கணினிகளில் ஒரு பட்டை வரும். ஆம் என்றவர்களுக்கு அது பிரைவேட், இல்லை என்றவர்களுக்குப் பப்ளிக். பேருந்து நிலையத்து வைஃபைக்கு உரிய கெடுபிடி அலுவலகத்துக்குள்ளேயே வந்துவிடும். ஆன்டிவைரஸ் நிறுவும்போது அது தானே எழுதிக்கொண்ட விதி பிரைவேட்டுக்கும் டொமைனுக்கும் மட்டும் இருந்திருக்கும். ஆகவே நீங்கள் புதிய விதி எழுதுவதற்கு முன், நான்கு கணினிகளிலும் நெட்வொர்க் வகை என்ன என்று பாருங்கள். பப்ளிக் என்று இருந்தால் பிரைவேட்டாக மாற்றுங்கள். அலுவலகத்துக் கணினிகளுக்கு மட்டும். வெளியூர் போகும் மடிக்கணினி அங்கங்கே சேரும் வலைகளுக்கு இதைச் செய்யாதீர்கள்.

மடத்துத்தெரு_கணக்கு | செவ்வாய், காலை 11.30

ஐயா, நீங்கள் நேரில் வந்து பார்த்ததைப் போல எழுதியிருக்கிறீர்கள். நான்கும் பப்ளிக். மற்ற ஆறும் பிரைவேட். பக்கத்து மேசைப் பெண்ணிடம் கேட்டேன். புதன்கிழமை ஏதோ நீலப் பட்டை வந்தது, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று "இல்லை" என்பதை அழுத்தினேன் என்றார். அவர் செய்ததில் பிழை இல்லை. அந்தப் பட்டை என்ன கேட்கிறது என்று நான்தான் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

பிரைவேட்டாக மாற்றியதும் மூன்று பச்சையாகிவிட்டன. நான்காவது மட்டும் அசையவில்லை. சென்ற வாரம் ஹார்ட் டிஸ்க் மாற்றி, எல்லாவற்றையும் புதிதாக நிறுவிய கணினி அது. மூன்று சுயவிவரங்களுக்கும் நான் விதி எழுதியதும் அதில்தான்.

மன்னை_கூட்டுறவு | செவ்வாய், பகல் 1.00

மன்னார்குடியிலிருந்து. இவ்வளவு அலைவதற்குப் பதில் அந்த ஒரு கணினியில் ஏஜென்ட் நிரலுக்கு எல்லாப் போர்ட்டும், எல்லா முகவரியும் என்று திறந்துவிட்டால் என்ன? கூடவே மோடத்திலும் அந்தப் போர்ட்டைத் திருப்பிவிட்டால், மயிலாடுதுறை போன்ற ஊரில் கிளை இருந்தால் அங்கிருந்தும் பார்க்கலாமே.

கடைமடை_நாகை | செவ்வாய், பிற்பகல் 2.15

மோடத்தில் போர்ட்டைத் திருப்பிவிடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். இப்போது பேசுவது ஓர் அலுவலகத்துக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி. அதில் மோடத்துக்கு வேலையே இல்லை. மோடத்தில் திறந்தால் ஆன்டிவைரஸின் கட்டளை வாசல் உலகம் முழுவதற்கும் திறந்திருக்கும். பாதுகாப்பு மென்பொருள் கணினியில் மிக உயர்ந்த உரிமையோடு இயங்குவது. அதில் ஒரு ஓட்டை இருந்தால் திருடனுக்குக் கிடைப்பது சாவிக்கொத்து. கிளை அலுவலகத்தை இணைக்க வேண்டுமென்றால் விபிஎன் (இணையத்தின் வழியே மறையாக்கிய தனி வழி) போடுங்கள், அல்லது ஏஜென்ட் தானே வெளியே வரும் வகை மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள். மோடத்தில் யூபிஎன்பி இயங்குகிறதா என்றும் பார்த்து, தேவையில்லையெனில் அணைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் எந்த நிரலும் உங்களைக் கேளாமலே மோடத்தில் போர்ட்டைத் திறக்க அது வழிவிடும்.

நான்காவது கணினிக்கு வருகிறேன். எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. விண்டோஸ் ஃபயர்வாலில் அனுமதிக்கும் விதியும் தடுக்கும் விதியும் ஒரே இணைப்புக்குப் பொருந்தினால், தடுப்பதே வெல்லும். எது முதலில் எழுதப்பட்டது என்பதைப் பார்க்காது. "இன்பவுண்ட் ரூல்ஸ்" பட்டியலில் அந்த நிரலின் பெயரில் சிவப்பு வட்டக் குறியோடு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் ஃபயர்வாலின் பதிவேட்டை (லாக் கோப்பை) இயக்குங்கள். இயல்பாக அது எழுதப்படாது. ஃபயர்வாலின் பண்புகளில் ஒவ்வொரு சுயவிவரத்துக்கும் "லாக்கிங்" என்ற பகுதியில் தடுக்கப்பட்டவற்றைப் பதிவு செய்யும்படி மாற்ற வேண்டும். கோப்பின் அளவு 4,096 கிலோபைட் என்று இருக்கும், கூட்டிக்கொள்ளலாம்.

மடத்துத்தெரு_கணக்கு | செவ்வாய், மாலை 5.45

பதிவேட்டை இயக்கி, முன் அறையிலிருந்து ஒருமுறை ஸ்கேன் ஆணை அனுப்பி, கோப்பைத் திறந்தேன். கடைசியில் மூன்று வரிகள், ஏறக்குறைய ஒரே மாதிரி: தேதி, நேரம், அதன்பின் "டிராப்" (தடுத்துக் கைவிட்டது), "டிசிபி", 192.168.1.20, 192.168.1.34, பிறகு இரண்டு போர்ட் எண்கள். 20 முன் அறைக் கணினி, 34 இந்தக் கணினி, இரண்டாவது எண் ஏஜென்ட்டின் போர்ட். இரண்டு நாளாகத் தேடிய ஆணை வாசல் வரை வந்து மூன்று முறை கதவைத் தட்டித் திரும்பியிருப்பதைக் கண்ணால் பார்த்தபோது பாதி வேலை முடிந்ததாகத் தோன்றியது.

விதிப் பட்டியலில் தேடினேன். ஏஜென்ட் நிரலின் பெயரில் இரண்டு தடுப்பு விதிகள் இருந்தன, டிசிபிக்கு ஒன்று, யூடிபிக்கு ஒன்று. நான் எழுதவில்லை. இவை எப்படி வந்தன?

ஆழித்தேர்_ஆரூர் | செவ்வாய், இரவு 7.30

புதிதாக நிறுவிய நிரல் முதன்முறை ஒரு போர்ட்டில் காத்திருக்கத் தொடங்கும்போது, அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டும். அட்மின் உரிமை உள்ளவர் அதில் "கேன்சல்" அழுத்தினால், "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விண்டோஸ் எடுத்துக்கொள்வதில்லை. தடுப்பு விதியாகவே எழுதிவிடும். அட்மின் உரிமை இல்லாத கணக்கில் இருந்தால் பெட்டியே காட்டாமலும் பெரும்பாலும் தடுப்பு விதி எழுதும். வழக்கமாக டிசிபிக்கும் யூடிபிக்கும் ஒவ்வொன்றாக இரண்டு. ஹார்ட் டிஸ்க் மாற்றிய நாளில் யாரோ பெட்டியை மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பார்கள்.

அந்த இரண்டையும் நீக்குங்கள். நீக்கிய பின் நீங்கள் எழுதிய விதியையும் அப்படியே விடாதீர்கள். அது இப்போது எல்லாச் சுயவிவரத்துக்கும் எல்லா முகவரிக்கும் திறந்திருக்கிறது. அதன் பண்புகளைத் திறந்து, நிரல் என்ற இடத்தில் ஏஜென்ட் கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். போர்ட்டில் அந்த ஒரு எண் மட்டும். "ஸ்கோப்" பகுதியில் "ரிமோட் ஐபி" என்ற இடத்தில் 192.168.1.20 மட்டும். சுயவிவரத்தில் பிரைவேட் மட்டும். நான்கு நிபந்தனையும் ஒன்றாகப் பொருந்தினால்தான் கதவு திறக்கும்.

வெண்ணாறு_வலைப்பணி | செவ்வாய், இரவு 9.05

இதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 192.168.1.20 என்ற முகவரியை முன் அறைக் கணினியில் கையால் எழுதி வைத்திருக்கிறீர்களா, மோடம் கொடுக்கிறதா? கையால் எழுதியிருந்தால், புதிய மோடம் அதே எண்ணை யாருடைய கைபேசிக்காவது கொடுத்துவிடாதபடி, மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் அந்தக் கணினியின் மேக் முகவரிக்கு (வலை அட்டையின் அடையாள எண்ணுக்கு) 20ஐ நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். முகவரி மாறினால் நாம் எழுதிய விதி அந்த நிமிடமே பயனற்றுப் போகும். அதைவிட மோசம், அந்த முகவரி வேறொரு கருவிக்குப் போனால் விதி அந்தக் கருவிக்குக் கதவைத் திறக்கும்.

ஆற்றங்கரை_லினக்ஸ் | புதன், காலை 6.40

லினக்ஸ் வைத்திருப்போருக்காக ஒரு குறிப்பு. உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கூடவே வருகிறது, ஆனால் நாம் இயக்கும் வரை இயங்காது. இயக்கியதும் உள்வருவன எல்லாம் தடைப்படும். நான் வாசூ என்ற திறந்தமூலப் பாதுகாப்பு மென்பொருளை மேலாண்மைச் சர்வரில் வைத்திருக்கிறேன். அதில் ஏஜென்ட்கள் பதிவு செய்துகொள்ள 1515, அன்றாடச் செய்திகளுக்கு 1514. சர்வரில் மட்டும் இந்த இரண்டையும் அலுவலக முகவரி வரம்புக்குத் திறந்தால் போதும், மற்றக் கணினிகளில் எதையும் திறக்க வேண்டாம். தொலைவிலிருந்து இதைச் செய்பவர்கள் ஃபயர்வாலை இயக்குவதற்கு முன் எஸ்எஸ்எச்சுக்கு (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) உரிய 22ஐ அனுமதித்துவிட வேண்டும். நாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு வேதாரண்யத்தில் உள்ள சர்வரில் நான் அதை மறந்து இயக்கினேன். அடுத்த முயற்சியில் வாசல் மூடியிருந்தது. பேருந்து பிடித்துப் போய் விசைப்பலகை முன் உட்கார்ந்துதான் திறக்க முடிந்தது. அந்த அரை நாளில் அங்கிருந்தவர்களின் வேலை நின்றுபோனதை இன்னும் மறக்கவில்லை.

கல்லணைச்சாலை | புதன், காலை 9.20

மோடம் இருந்தால் போதும் என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். என் கடையில் ஐந்து கணினிகள் இருக்கின்றன. நேற்றிரவு பார்த்தபோது இரண்டில் ஃபயர்வால் அணைந்திருந்தது, எப்போது யார் அணைத்தார்கள் என்பது எனக்கே தெரியவில்லை. இயக்கிவிட்டேன். பில் அச்சிடும் பிரிண்டர் மட்டும் நின்றது. அதற்குரிய கணினியை பிரைவேட்டாக மாற்றியதும் வந்துவிட்டது.

மடத்துத்தெரு_கணக்கு | புதன், பகல் 12.50

பத்தும் பச்சை. தடுப்பு விதிகள் இரண்டையும் நீக்கி, ஆழித்தேர் ஐயா சொன்ன நான்கு நிபந்தனைகளோடு விதியைத் திருத்தினேன். மற்ற மூன்றிலும் மென்பொருள் தானே எழுதிய விதியில் "ஸ்கோப்" எல்லா முகவரிக்கும் திறந்திருந்தது, அவற்றையும் 192.168.1.20க்கு மட்டும் என்று சுருக்கினேன். மோடத்தில் 20ஐ முன் அறைக் கணினிக்கு ஒதுக்கினேன், யூபிஎன்பியை அணைத்தேன். ஆன்டிவைரஸ் புதிய பதிப்புக்கு மாறும்போது நிரலின் பாதை மாறினால் விதி பொருந்தாமல் போகும் என்பதால், விதியின் பெயரோடு எழுதிய தேதியையும் காரணத்தையும் விளக்கப் பகுதியில் தமிழிலேயே குறித்துவைத்தேன்; எனக்குப் பின் இந்த மேசைக்கு வருபவருக்கு அது புரிய வேண்டும்.

பிறகு சோதித்தேன். முன் அறைக் கணினியிலிருந்து 34ஆம் கணினிக்கு: "ட்ரூ". ஸ்கேன் ஆணை அனுப்பிய உடனே அங்கே ஓடத் தொடங்கியது. அடுத்து, பக்கத்து மேசைப் பெண்ணின் கணினியிலிருந்து அதே முகவரிக்கு, அதே போர்ட்டுக்கு அதே கட்டளையைக் கொடுத்தேன். சற்று நேரம் காத்திருந்து "ஃபால்ஸ்" என்று காட்டியது.